பெயர் யாருக்குச் சொந்தம்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை சுங்கை சோவில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். எதிரே ஐந்து பேர். நான்கு பையன்கள், ஒரு பெண்பிள்ளை. கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று உலு சிலாங்கூர் வட்டாரத்தில் எங்கே மேடை கிடைத்தாலும் பாடுகிறவர்கள். ஒரு கித்தார், ஒரு டோலக், மற்றதெல்லாம் குரல்தான். பாத்தாங் காலியில் ஒரு கல்யாணத்தில் நான் அறிவிப்பாளர், அவர்கள் பாடகர்கள்; அப்படித்தான் பழக்கம்.

ரொட்டி சானாய் வருவதற்கு முன்பே பெண்பிள்ளை பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நான்கு பக்க ஒப்பந்தம். "அக்கா, நாளைக்குக் கையெழுத்து. போடலாமா?"

இந்தக் குழுவுக்குப் பின்னால் ஓர் அண்ணன் இருக்கிறார். பாட்டு எழுதுவது அவர், மெட்டும் அவருடையதே. நிகழ்ச்சி பிடிப்பது, பணம் வாங்கிக் கொடுப்பது, எல்லாரையும் வேனில் ஏற்றிப் போய் நடுராத்திரியில் வீடு வீடாக இறக்கி விடுவது எல்லாம் அவர்தான். கெட்டவர் இல்லை. சொந்தப் பணத்தில் ஒலிவாங்கி வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அந்தத் தாளில் ஏழாவது வரி என்ன சொல்கிறதென்றால், குழுவின் பெயர் அவருக்குச் சொந்தம். யார் விலகினாலும் அந்தப் பெயரை எங்கேயும் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஐந்து பேரும் சேர்ந்து விலகினாலும் அதே கதிதான்.

நான் வழக்கறிஞர் இல்லை. ஊடகப் படிப்பில் ஒப்பந்தச் சட்டம் என்று ஒரு பாடம் இருந்தது, அதில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை இங்கே சொல்ல வேண்டாம். அதனால் அறிவுரை சொல்லாமல் இரண்டு பேர் கதையைச் சொன்னேன். இருவருமே பாட்டு செய்தவர்கள். இருவருமே ஒரு குரல் குழுவுக்குப் பின்னால் நின்றவர்கள்.

முதலாமவர் பக் ராம். பெயரில் ராம் இருக்கிறது என்று நம்ம ஆள் என நினைக்காதீர்கள். 1907இல் சிக்காகோவில் பிறந்த அமெரிக்கர். சட்டம் படித்துப் பட்டம் வாங்கி, அந்தத் தொழிலுக்கே போகாமல் இசைக்குழுக்களுக்கு இசைக்கோர்வை எழுதப் போனவர். டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி போன்ற பெரிய தலைகளுக்கு எழுதியிருக்கிறார். 'பிளாட்டர்ஸ்' என்ற குழுவின் 'ஒன்லி யூ' பாட்டை உங்கள் தாத்தா காலத்துக் கிராணி வீட்டிலோ, இன்றைக்கு ஏதாவது ஹோட்டல் லிஃப்ட்டிலோ கேட்டிருப்பீர்கள். அந்தப் பாட்டை எழுதியவர், அந்தக் குழுவை நடத்தியவர் இவர்தான்.

பிளாட்டர்ஸ் 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு. இசைத்தட்டைக் குறிக்கும் அந்தப் பெயரை வைத்தவர் ஹெர்ப் ரீட் என்ற அடிக்குரல் பாடகர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பக் ராம் வந்து குழுவைத் திருத்தினார். டோனி வில்லியம்ஸின் குரலை முன்னுக்குக் கொண்டுவந்தார். சோலா டெய்லர் என்ற பெண் குரலைச் சேர்த்தார். அவர் கையில் அப்போது 'பெங்குவின்ஸ்' என்று இன்னொரு குழுவும் இருந்தது. 1954இல் 'எர்த் ஏஞ்சல்' பாட்டால் அது ஓகோவென்று இருந்தது. மெர்க்குரி நிறுவனம் பெங்குவின்ஸ் வேண்டும் என்று வந்தபோது, "பிளாட்டர்ஸையும் சேர்த்து எடுத்தால் தருகிறேன்" என்றார். நம் ஊர்ச் சந்தையில் மீன் கேட்டால் கூடவே கத்திரிக்காயைத் தலையில் கட்டுவது மாதிரி. கடைசியில் அந்தக் கத்திரிக்காய்தான் விலை போனது. பெங்குவின்ஸ் அங்கே பெரிய வெற்றி எதையும் பார்க்கவில்லை. 1955இல் 'ஒன்லி யூ' அமெரிக்காவின் முதல் ஐந்து பாட்டுகளுக்குள் வந்தது. 1956 தொடக்கத்தில் 'தி கிரேட் பிரிட்டெண்டர்' முதலிடம் பிடித்தது. அதுவும் பக் ராம் எழுதியதே. அடுத்த பாட்டு என்ன என்று கம்பெனிக்காரர் கேட்க, வாயில் வந்த தலைப்பைச் சொல்லிவிட்டு, பிறகு லாஸ் வேகாஸ் ஹோட்டல் கழிவறையில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று கதை சொல்வார்கள். பாட்டு எழுதுகிற நம்ம ஆட்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

1956இலேயே 'ஃபைவ் பிளாட்டர்ஸ்' என்று ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். பாடகர்கள் குழுவின் பெயரை அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் காலம் போகப் போகப் பாடகர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பங்குகள் பக் ராம் பக்கம் போய்ச் சேர்ந்தன. 1960 வாக்கில் டோனி வில்லியம்ஸ் விலகியபோது, அந்தக் குரல் இல்லாத பிளாட்டர்ஸை மெர்க்குரி விரும்பவில்லை. பக் ராம் விடவில்லை, புதுக் குரலைப் போட்டு அதே பெயரில் நடத்தினார். விலகியவர்கள் தாங்களும் பிளாட்டர்ஸ்தான் என்று மேடை ஏற, வழக்கு ஆரம்பித்தது. வருடக் கணக்கில் இல்லை, பல பத்தாண்டுகள். ஒரே ராத்திரியில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பிளாட்டர்ஸ் பாடிய காலமும் உண்டு. பால் ராபி என்ற பாடகரின் வழக்கில் 1974இல் கலிஃபோர்னியா நீதிமன்றம், அந்த நிறுவனமே பெயரைக் கைப்பற்றப் பயன்பட்ட போலி ஏற்பாடு என்று சொன்னது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. பக் ராம் 1991 ஜனவரி 1ஆம் தேதி காலமானார். பெயர் வைத்த ஹெர்ப் ரீட் தன் வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளில்தான் அந்தப் பெயரின் மேல் நீதிமன்றத்தில் வென்றார். 2012இல் அவரும் போய்விட்டார்.

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. 1943இல் பிங் கிராஸ்பி பாடிப் புகழடைந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டில் தன் பெயரும் வர வேண்டும் என்று இதே பக் ராம் சட்டப்படி போராடி, பெயரைச் சேர்க்க வைத்தவர். தாளில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர் கையில்தான் மற்றவர்களின் பெயர் போனது.

"அப்போ போட வேண்டாம்னு சொல்றீங்க" என்றான் டோலக் வாசிக்கிறவன்.

"இன்னொருத்தர் கதை இருக்குடா. தே தாரிக் வரட்டும்."

இரண்டாமவர் எம்.பி. சீனிவாசன். எம்.பி.எஸ். என்றால் கேரளாவில் இன்றைக்கும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். நம்மில் பலருக்குத் தெரியாது, எனக்கும் வானொலிக்கு வந்த பிறகுதான் தெரியும். 'எம்' என்றால் மானாமதுரை, 'பி' என்றால் பாலகிருஷ்ணன். 1925இல் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தவர். ஜாலியன்வாலாபாக் காலத்துத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள் ஜாகிதாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். மானாமதுரை ஐயர் வீட்டுப் பிள்ளைக்குப் பஞ்சாபில் சம்பந்தம், அதுவும் அந்தக் காலத்தில்!

தமிழில் அவர் இசையமைத்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் முக்கியமானது 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்'. இயக்கியவர் நெமாய் கோஷ் என்ற வங்காளி. நாட்டுப் பிரிவினையில் வீடிழந்தவர்களைப் பற்றி 'சின்னமூல்' எடுத்துவிட்டு சென்னைக்குக் குடிவந்தவர். 'பாதை தெரியுது பார்' தொழிற்சங்கத்தைப் பேசிய தமிழ்ப் படம். வசூலில் நிற்கவில்லை. ஆனால் அதில் எழுத்தாளர் ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாசும் எஸ். ஜானகியும் பாடிய 'தென்னங்கீற்று' பாட்டு மட்டும் அறுபது வருடம் கழித்தும் நிற்கிறது. என் ராத்திரி நிகழ்ச்சியில் மாதம் ஒருமுறையாவது யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் பழைய தோட்டத்து ஆள். "அந்தத் தென்னை மரப் பாட்டு போடும்மா" என்பார். இசை யார் என்று நான் சொல்வதற்குள் பாதி நேரம் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும்.

அடுத்த வருடம், 1961 நவம்பர் 14, சென்னை பரணி ஸ்டூடியோவில் இருபத்தொரு வயதுப் பையன் ஒருவனை எம்.பி.எஸ். முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாட வைத்தார். மலையாளப் படம் 'கால்பாடுகள்', பாட்டு ஸ்ரீ நாராயண குருவின் வரிகள். அந்தப் பையன் கே.ஜே. யேசுதாஸ். இந்த ஒன்றுக்காகவே எம்.பி.எஸ். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கலாம். அவர் அதற்குப் பிறகு செய்த காரியங்கள் வேறு மாதிரி.

1970களின் தொடக்கத்தில் சென்னையில் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் சலில் சௌத்ரி போன்றவர்கள் 1950களின் இறுதியிலேயே இப்படிப்பட்ட குழுக்களுக்கு வழி போட்டிருந்தார்கள். தமிழுக்கு அது புதுசு. எம்.பி.எஸ். குழுவில் பாடியவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைப் பாடகர்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள். பாரதி பாட்டுகளைப் பாடினார்கள். தமிழோடு மற்ற இந்திய மொழிகளிலும் பாடினார்கள்.

இங்கே நிறுத்தி, சேர்ந்திசை என்றால் என்ன என்று அந்தக் கடையிலேயே செய்து பார்த்தோம். நம் தோட்டத்து பஜனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், கூட்டம் அதையே திருப்பிப் பாடும். பாடுவது ஐம்பது பேராக இருந்தாலும் மெட்டு ஒன்றுதான். திருமுறை ஓதும் போட்டியில் குழுப் பிரிவும் அப்படியே. எல்லாரும் ஒரே கோட்டில் நடக்கிறோம், யார் குரலும் தனியாகத் தெரியக் கூடாது. சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் நான்கு கோடு. பெண் குரலில் மேல், கீழ். ஆண் குரலில் மேல், கீழ். ஒருவர் மெட்டைப் பாடும்போது இன்னொருவர் அதற்குக் கீழே வேறு ஸ்வரத்தில் நிற்பார். மூன்றாமவர் வேறு நடையில் போவார். தனித்தனியாகக் கேட்டால் மூன்று பேரும் தப்பாகப் பாடுவது போலிருக்கும். சேர்ந்தால்தான் பாட்டு.

கித்தார் பையனை "ஸ" பிடிக்கச் சொன்னேன். பெண்பிள்ளையை "ப". சரியாக வந்தது. மூன்றாமவனை இரண்டுக்கும் நடுவில் "க" பிடிக்கச் சொன்னபோதுதான் தகராறு. பக்கத்தில் பெண்பிள்ளை குரல் கேட்கக் கேட்க அவனும் வழுக்கி வழுக்கி "ப"வுக்கே போய்விட்டான். நான்கு தடவை முயன்ற பிறகு ஒரு மூச்சு நேரம் மூன்றும் சேர்ந்து நின்றன. ரொட்டி தட்டுகிறவர் மாவை அப்படியே கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும், ஆனால் அவரோடு போய்விடக் கூடாது. இதைப் பாட்டுப் படிக்காத ஒரு குமாஸ்தாவுக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அதிலும் நம் இசை ராகத்தில் நடப்பது. மோகனம் என்றால் ஐந்தே ஸ்வரம். மேற்கத்திய முறைப்படி கண்ட இடத்தில் ஸ்வரத்தை அடுக்கினால் ராகம் கெட்டுவிடும். ராகமும் கெடாமல், நான்கு கோடும் மோதாமல் எழுத வேண்டும். அதற்குத் தனி மூளை வேண்டும். மலையாளத்தில் அவருடைய சினிமாப் பாட்டுகளைக் கேட்டால் இது புரியும். 1979இல் வந்த 'உள்க்கடல்', 1982இல் வந்த 'யவனிகா' இரண்டையும் தேடிக் கேளுங்கள். இரண்டுக்கும் பாட்டு ஓ.என்.வி. குறுப், இயக்கம் கே.ஜி. ஜார்ஜ். வாத்தியங்கள் கூட்டமாக வந்து இடிக்காது. குரலுக்கு இடம் விட்டிருப்பார்.

நடுவில் ஒரு சங்கதி. 1977இல் ஜான் ஆபிரகாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்தில் அனாதைக் கழுதைக்குட்டியை வளர்க்கிற பேராசிரியராக நடித்தவரும் எம்.பி.எஸ்.தான். அந்த அமைதியான முகத்தைப் பார்த்தால் இவரா இத்தனை கலகம் செய்தவர் என்று தோன்றும்.

இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த பெண்பிள்ளை இப்போது ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, அது கல்யாணத்துக்குப் பாடுற குழு இல்லையே. பணம் வராத இடத்துல பெயருக்கு யாரு சண்டை போடுவா?"

நான் எதிர்பார்க்கவில்லை. சரியான கேள்வி. பிளாட்டர்ஸ் சம்பாதித்தார்கள், சண்டை வந்தது. சேர்ந்திசைக் குழுவில் சம்பாத்தியம் இல்லை, அதனால் எம்.பி.எஸ். நல்லவராக இருந்தார் என்று சொல்லிவிடலாம். நல்லவராக இருப்பது அங்கே மலிவு.

அதனால் பணம் இருந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பணம் இருந்த இடம் சினிமா. அந்தக் காலத்துப் பாட்டு ஒலிப்பதிவை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு மாதிரி ஒருவர் திங்கட்கிழமை வந்து வயலின் வாசித்துவிட்டுப் போக, இன்னொருவர் வெள்ளிக்கிழமை வந்து பாடுவது கிடையாது. நாற்பது ஐம்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, பாடகரோடு சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். நாற்பதாவது ஆள் ஒரு ஸ்வரம் பிசகினால் முதலிலிருந்து. படத்தின் தலைப்பு அட்டையில் இசையமைப்பாளர் பெயர் வரும், பாடகர் பெயர் வரும். வாத்தியக்காரன் பெயர் வராது. கூலி எவ்வளவு, எப்போது என்பது தயாரிப்பாளர் மனசு. படம் ஓடாவிட்டால் பணம் எங்கே என்று யாரிடம் கேட்பது?

இசையமைப்பாளர் என்பவர் அந்தக் கூடத்தில் முதலாளி பக்கத்து ஆள். நம் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் கங்காணி மாதிரி. முதலாளியோடும் பேசலாம், ஆட்களையும் விரட்டலாம். எம்.பி.எஸ். அந்த நாற்காலியில் இருந்துகொண்டே வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டினார். சென்னைத் திரை இசைக் கலைஞர்கள் சங்கத்தை உருவாக்கியவர்களில் முன் நின்றவர் அவர். நெமாய் கோஷோடு சேர்ந்து திரைப்படத் தொழிலாளர் சங்கங்களை ஒன்றாக்கி இன்றைய 'பெப்சி' சம்மேளனம் எழக் காரணமாக இருந்தவர்களிலும் ஒருவர். எந்த இசையமைப்பாளருக்கு வாசித்தாலும் கூலிக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும், வாசித்தவன் பணத்துக்காக மாதக் கணக்கில் படியேறக் கூடாது என்பதே விஷயம். அதனால் அவருக்குத் தமிழில் படம் குறைந்ததா என்றால், எனக்குத் தோன்றுவது, குறைந்திருக்கும். சங்கத் தலைவரை இசையமைக்கக் கூப்பிட எந்த முதலாளிக்கு ஆசை வரும்?

கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் இரண்டு பேருடைய தாத்தாக்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள். 1954இல் அந்தச் சங்கம் உருவானபோது இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் சந்தா கட்டியவர்கள். சங்கம் என்ற சொல்லை நான் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பாட்டு என்றால் திறமை, அதிர்ஷ்டம், யாராவது தூக்கி விடுவது. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கலை இரவுக்கு அறிவிப்பு செய்துவிட்டு 300 வெள்ளிக்காக நான்கு மாதம் போன் அடித்த பிறகுதான் எனக்கு எம்.பி.எஸ். சரியாகப் புரிந்தார்.

அவர் 1988 மார்ச் 9ஆம் தேதி லட்சத்தீவில் காலமானார். மெட்ராஸ் யூத் கொயர் அவரோடு போகவில்லை, தொடர்ந்து பாடியது. அவர் பெயரையே தாங்கிய சேர்ந்திசைக் குழுக்களும் பிறகு வந்தன. பக் ராம் பிளாட்டர்ஸின் பெயரைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். இங்கே பாடகர்கள் தாங்களாகவே இவருடைய பெயரைக் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் பெயர் விஷயத்தில் பல வகை உண்டு. 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்தவர்கள் 'யோகி பி & நட்சத்ரா'. யார் முன்னால், யார் கூட என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது, ஒளிவு மறைவு இல்லை. பினாங்குச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் பாடிய 'ஆலிகேட்ஸ்' இன்னொரு வகை. 2007இல் லோகா மறைந்த பிறகும் டேவிட் அதே பெயரில் மேடை ஏறினார். அந்தப் பெயரில் தம்பியும் இருக்கிறார்.

பிறகு தாளுக்கு வந்தோம். வேலையில் கற்றுக்கொண்ட சில விஷயங்களை மட்டும் சொன்னேன். ஒரு குழுவில் மூன்று சொத்து இருக்கிறது. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு. முதலாவது பாட்டு. எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சொந்தம்; நம் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி அவர்கள் ஆயுளுக்கும் அதன் பிறகு 50 வருடத்துக்கும். வானொலியில் நாங்கள் பாட்டு போடும்போது எழுதியவர் பெயரைக் குறித்து வைக்கிறோம், அதை வைத்துத்தான் எம்.ஏ.சி.பி. போன்ற அமைப்புகள் உரிமைத்தொகை வசூலித்துக் கொடுக்கின்றன. அந்த அண்ணன் எழுதிய பாட்டு அந்த அண்ணனுக்கே. அதில் இந்தப் பிள்ளைகள் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இரண்டாவது ஒலிப்பதிவு. காசு போட்டுப் பதிவு செய்தவர் யார், பாடியவருக்கு என்ன பங்கு என்று எழுதிக்கொள்ள வேண்டியது. மூன்றாவது பெயர். 2019 வணிகச் சின்னச் சட்டப்படி பதிவு செய்தால் பத்து வருடம் செல்லும், திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். யார் முதலில் போய்ப் பதிவு செய்கிறாரோ அவர் கை ஓங்கும்.

"முதல் ரெண்டையும் விட்டுட்டு ஏன் இந்த மூணாவதை அவர் கேக்கிறார்னு யோசிச்சீங்களா?" என்றேன்.

யோசித்திருக்கிறார்கள். கித்தார் பையன் சொன்னான்: "நாங்க பேரு வாங்கினதும் அவரை விட்டுட்டுப் போயிடுவோம்னு பயம். போன குழு அப்படித்தான் அவரை விட்டுட்டுப் போச்சு."

இதுவும் உண்மைதான். மேடையில் கைதட்டல் பாடுகிறவர்களுக்கு, பின்னால் வேனைக் கழுவுகிறவருக்கு எதுவும் இல்லை. பக் ராமுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். சட்டம் படித்தவர், பயத்தைத் தாளில் எழுதிக்கொண்டார். நம்ம அண்ணன் யாரிடமோ வாங்கிய மாதிரி ஒப்பந்தத்திலிருந்து அதையே எழுதியிருக்கிறார்.

ஐந்து பேரும் அன்று மாலையே அவரைப் பார்க்கப் போனார்கள். பெயர் ஆறு பேருக்கும் பொது, யார் விலகினாலும் மற்றவர்கள் தொடரலாம், விலகுகிறவர் இந்தக் குழுவில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவர் பாட்டை யார் எங்கே பாடினாலும் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவர்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்கள். தமிழில்தான் எழுதியிருந்தார்கள். கடைசி வரியைச் சேர்த்தது அந்தப் பெண்பிள்ளை.

அவர் படித்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கடைசி வரி யார் எழுதினது?" என்று மட்டும் கேட்டாராம்.

இதை எழுதும் வியாழக்கிழமை வரை யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை செரண்டாவில் ஒரு கல்யாண விருந்து இருக்கிறது. ஆறு மணிக்கு வேன் வரும் என்று நேற்று ராத்திரி அவர் குழுவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.